வெளிநாட்டுப் பெட்டிக்குப் பதில் சொல்றவ

கூரியர் கவுண்டர்ல உக்கார்றவ எந்தப் பெட்டியையும் நிறுத்தி வைக்கிறதும் இல்ல, நகர்த்துறதும் இல்ல. ஆனா நின்னுபோன பெட்டிக்கெல்லாம் திட்டு வாங்குறவ அவ ஒருத்திதான்.

பதினோரு வருஷமா எனக்கு அந்த வேலை. பாபநாசம் மெயின் ரோட்டுல, உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவுல பத்துக்குப் பத்து ரூம். உள்ள நானும் ஒரு எடை மெஷினும். வெளிய மணிவண்ணன். அவருக்கு வயசு அம்பது ஆகுது, மொபெட்ல டெலிவரி கொண்டு போறவரு. நான் உக்காந்த எடத்துல திட்டு வாங்குவேன், அவரு வீடு வீடாப் போயி வாங்கிட்டு வருவாரு.

உள்நாட்டுப் பார்சல்னா ஒரு தொல்லையும் இல்லீங்க. இன்னைக்குக் குடுத்தா நாளைக்கோ மறுநாளோ போயிரும். ரோதனையெல்லாம் கடல் தாண்டுற பெட்டியிலதான். முன்னெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து ஆள் வரும், கூடவே பெட்டி வரும். இப்ப ஆள் வர்றதில்ல, பெட்டி மட்டும் வருது. வரப்புல நின்னுக்கிட்டே போனைத் தடவி, எந்த நாட்டுலேர்ந்தோ சாமான் ஆர்டர் போட்டுர்றாங்க. போட்டதோட அவங்க வேலை முடிஞ்சுது. என் தலைவலி அங்கதான் ஆரம்பிக்குது.

இதப் படிக்கிற நீங்களும் ஆர்டர் போட்டுட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்தவங்களாத்தான் இருப்பீங்க. சாமான் விலைய விட அனுப்புற கூலி அதிகம். அதுக்கு மேல வரி. அந்த வரிய உங்களுக்காக முன்னாடியே கட்டுனோம்னு சொல்லி அதுக்கும் ஒரு சார்ஜ். உங்க வயித்தெரிச்சல் எனக்கு நல்லாவே தெரியும். என் வயித்தெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்க.

காத்துக்கும் கூலி

தனலட்சுமின்னு ஒரு அம்மா. வீட்டுல வடாம் பிழிஞ்சு, போன்லயே படம் போட்டு விக்கிறாங்க. ஆஸ்திரேலியாவுலேர்ந்து ஒரு பொண்ணு ஆர்டர் குடுத்துச்சு. ஜவ்வரிசி வடாம், கூழ் வடாம், கொஞ்சம் மோர்மிளகாய். அந்த அம்மாவுக்குக் கடல் தாண்டி வந்த முதல் ஆர்டர் அது. ஒடையக் கூடாதுன்னு பெரிய அட்டைப் பெட்டியா வாங்கி, சுத்திலும் பழைய பேப்பரக் கசக்கி அடைச்சு, மஞ்சள் குங்குமம் வச்சுக் கொண்டு வந்தாங்க. எடை மெஷின்ல ரெண்டு கிலோ காட்டுச்சு. அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம்தான் நான் டேப்பை எடுத்தேன்.

வெளிநாட்டுப் பெட்டிக்கு எடை மட்டும் போதாதுங்க. நீளம், அகலம், உயரத்தப் பெருக்கி ஒரு கணக்குப் போடணும். நிஜ எடை, இந்தக் கணக்கு எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கூலி. அந்தக் கணக்குல இவங்க பெட்டி ஒம்போது கிலோ! வடாம் விலையப் போல நாலு மடங்கு கூலி. நானும் இரக்கப்பட்டு, சின்னப் பெட்டியா மாத்திப் பாக்கலாம்னு ஒக்காந்தேன். அமுக்குனா வடாம் நொறுங்குது, அமுக்கலைன்னா மூடி மூட மாட்டேங்குது. கடைசியில ஆஸ்திரேலியாப் பொண்ணுக்கு வாட்ஸப்ல கூலியச் சொன்னோம். "வேண்டாம் ஆண்ட்டி, இங்கயே இந்தியன் ஸ்டோர்ல வாங்கிக்கிறேன்"னு ரெண்டே நிமிஷத்துல பதில் வந்துருச்சு. தனலட்சுமி அம்மா பெட்டியத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் படியிறங்கினாங்க. ரோட்டுக்குப் போனவங்க திரும்பி நின்னு கேட்டாங்க:

"ரெண்டு கிலோ வடாம், ஏழு கிலோ காத்து. ஏம்மா, அந்த ஊர்ல காத்து இல்லைன்னுதான் நம்ம ஊர்லேர்ந்து அனுப்புறீங்களா?"

சோப்பு டப்பா அளவுல ஒரு சாமான்

சூசைராஜ் அண்ணனப் பத்திச் சொல்லணும். சொல்லாம விட்டுரலாம்னு ரெண்டு தடவ நெனச்சேன், முடியல.

குடமுருட்டி ஆத்துக்குத் தெக்க அவரு ஊரு. வயசு அம்பத்தஞ்சு இருக்கும். சொந்தமா ஒரு அறுப்பு மிஷின் வச்சிருக்காரு. ரப்பர் பெல்ட் மேல ஓடுற வண்டி. ஈர வயல்ல டயர் வண்டி இறங்குனா புதைஞ்சுரும், பெல்ட் வண்டிதான் ஓடும். அதனால சம்பா அறுப்புன்னா ஊரே அவரத்தான் நம்பியிருக்கும். பொங்கலுக்குப் பத்து நாளைக்கு முந்தி அந்த வண்டியோட கண்ட்ரோல் போர்டு கருகிப்போச்சு. சோப்பு டப்பா அளவு சாமான்தான், ஆனா அது இல்லைன்னா வண்டி ஒரு அடி நகராது. பழைய மாடல், நம்ம நாட்டுல ஸ்டாக்கே இல்லைன்னு எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க. சிங்கப்பூர்ல இருக்குற அவரு மச்சான், அதாவது சம்சாரத்தோட தம்பி, வேற ஒரு நாட்டுக் கடையில ஆன்லைன்ல தேடிக் கண்டுபிடிச்சாரு. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அண்ணன் என்கிட்ட வந்தாரு.

ஏன் வந்தாருன்னு சொல்லிர்றேன். எங்க பக்கத்துல தை மாச அறுப்புக்கு வெளி மாவட்டத்து மிஷினெல்லாம் புரோக்கர் மூலமா வரும். எந்த ஊர்ல எத்தன ஏக்கர்னு முன்கூட்டியே பேசி முடிச்சுக்குவாங்க. ஒரு ஊரு வேண்டாம்னு சொல்லிட்டா அந்த வண்டி மன்னார்குடிப் பக்கமோ திருவாரூர்ப் பக்கமோ போயிரும். அப்புறம் கூப்புட்டாலும் வராது. ஊர்க்காரங்க முப்பது குடும்பம் அண்ணன்கிட்ட கேட்டிருக்காங்க, "ஒங்க வண்டி ஓடுமா, இல்ல புரோக்கர்கிட்ட சொல்லிரட்டுமா?"ன்னு. அதுக்கு அவரு வாக்குக் குடுக்கணும். பத்து நாள்ல சாமான் வந்துருமான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போயி வாக்குக் குடுக்கலாம்னு வந்திருக்காரு. முப்பது குடும்பத்து நெல்லு அந்தப் பதில்ல இருந்துச்சு.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "தெரியாதுண்ணே"ன்னு சொல்லியிருக்கணும். பதினோரு வருஷ அனுபவம் வாயச் சும்மா இருக்க விடல. "பேஷா வந்துரும்ணே. ஒண்ணு மட்டும் செய்ங்க. பில்லுல மதிப்பக் கொறச்சுப் போடச் சொல்லுங்க, கிஃப்ட்டுன்னு எழுதச் சொல்லுங்க. வரியும் மிச்சம், நோண்டிக் கேள்வியும் கேக்க மாட்டாங்க, சட்டுனு வந்துரும்"னேன். இது நானாக் கண்டுபிடிச்ச வித்தை இல்லீங்க. ஊர் ஊருக்குக் கவுண்டர்ல உக்காந்திருக்க எங்களாட்டம் ஆளுங்க வாய்க்கு வாய் சொல்றதுதான். துணிமணி, வெளையாட்டுச் சாமான்னா பெரும்பாலும் தப்பிச்சும் வந்துரும். தப்புன்னு தெரிஞ்சேதான் சொல்லுவோம், உதவி பண்ற மாதிரி ஒரு நெனப்புல.

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே புரோக்கரத் திருப்பி அனுப்பிட்டதா அப்புறம் கேள்விப்பட்டேன். என்கிட்ட அவரு சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க சொன்னாச் சரிம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

கோட்டு சூட்டுக்கு நல்ல நேரம்

வைத்தியநாதன்னு ஒருத்தர், ரிட்டையர்டு ஆபீசர். மகன் கல்யாண ரிசப்ஷனுக்கு வெளிநாட்டுக் கடையிலேர்ந்து கோட்டு சூட்டு ஆர்டர் போட்டிருந்தாங்க. அதிசயமா அது சீக்கிரமே வந்துருச்சு. வரியக் கட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஒம்போது நாளுக்குள்ள வாங்கலைன்னா பெட்டி வந்த வழியே போயிரும், அது எங்க கையில இல்ல.

மணிவண்ணன் முதல் நாள் கொண்டு போனாரு. எமகண்டம், அப்புறம் வான்னாங்க. மறுநாள் செவ்வாய்க்கிழமை, கல்யாணச் சாமான் செவ்வாயில வீட்டுக்குள்ள வரக் கூடாதாம். அதுக்கடுத்த நாலு நாளும் வீட்டுல யாரும் இல்ல, குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை, எங்களுக்கு லீவு. அப்புறம் அஷ்டமி. கடைசி நாள் நவமி. மணிவண்ணன் வாசல்ல நின்னு கெஞ்சியிருக்காரு. "சார், இன்னைக்கு விட்டா போயிரும் சார்"னு. வைத்தியநாதன் பஞ்சாங்கத்த எடுத்து வந்து விரல் வச்சுக் காட்டி, "நாளைக்குக் காலையில ஒம்போதுலேர்ந்து பத்தரைக்குள்ள கொண்டாப்பா, தாம்பூலத்தோட வாங்கிக்கிறேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு.

மறுநாள் ஒம்போது மணிக்கு, தட்டுல வெத்தலபாக்கு, பணம் எல்லாம் வச்சுக்கிட்டு அவரே கவுண்டருக்கு வந்து நிக்கிறாரு. பெட்டி முந்தின நாள் சாயங்காலமே வண்டியேறிப் போச்சு. மாப்பிள்ளைக்குக் கும்பகோணத்துல வாடகைக்குக் கோட்டு எடுத்தாங்க, தோள்பட்டை ரெண்டு வெரக்கட தொங்குச்சாம். அன்னைக்குக் கவுண்டர்ல அவரு நிஜமாவே அதிர்ச்சியோட என்னக் கேட்டாரு:

"அப்போ உங்க கம்ப்யூட்டருக்கு அஷ்டமி நவமி எதுவுமே கிடையாதா?"

அதே ஊரு, அதே வரி

பெட்டி எங்க இருக்குன்னு நம்பரப் போட்டுப் பாக்கலாம். அது ஒரு வசதின்னு நெனச்சீங்கன்னா ஏமாந்தீங்க. தெரியாம இருந்தா மனுஷன் வேற வேலையப் பாப்பான். தெரிஞ்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாம இருக்குறதுதான் சித்திரவதை.

சூசைராஜ் அண்ணன் தினம் காலையில நான் ஷட்டரத் தூக்குறப்பவே நிப்பாரு. முதல் நாலு நாள் சந்தோஷமாத்தான் போச்சு. பெட்டி அந்த நாட்ட விட்டுக் கெளம்பிருச்சு, நடுவுல ஒரு நாட்டுல எறங்கிருச்சு, நம்ம நாட்டு விமான நிலையத்துக்கே வந்துருச்சு. "பாத்தீங்களாண்ணே, நான் சொன்னேன்ல?"ன்னு பீத்திக்கிட்டேன். அஞ்சாம் நாளு, கஸ்டம்ஸ்ல நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதுன்னு ஒரு வரி வந்துச்சு. ஆறாம் நாளும் அதே வரி. பொங்கல் வந்துச்சு, மாட்டுப்பொங்கல் போச்சு, அதே வரி. வயல்ல கதிரு பழுத்துத் தலைய தொங்கப் போட்டுருச்சு.

மத்தவங்களா இருந்தா என்னக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க. ஒரு செல்போன் கவரு ரெண்டு நாள் லேட்டானதுக்கு மேசையக் குத்துனவங்க உண்டு. அண்ணன் ஒரு நாள்கூடக் குரல ஒசத்தல. வெறுங்கையோடவும் வர மாட்டாரு. ஒரு நாள் பூவன் பழச் சீப்பு, ஒரு நாள் மொச்சக்காய், ஒரு நாள் வீட்டுல சுட்ட அதிரசம். தங்கமான மனுஷன்னு மணிவண்ணன்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனேன். அதுக்கு மணிவண்ணன் அதிரசத்தப் பிட்டுக்கிட்டே சொன்னது:

"தங்கம்தாம்மா. ஆனா அவரு சிரிக்கிறப்ப கண்ணு சிரிக்கல, பாத்தீங்களா?"

பெருமைக்கு வரி

இது சின்னக் கதை. அதே வாரம் கோவிந்தராசுன்னு ஒரு விவசாயிக்குத் துபாய்லேர்ந்து மகன் ஆர்டர் போட்ட கைக்கடிகாரம் வந்துச்சு. மகன் மாமனார் வீட்டுல ஜம்பமா இருக்கட்டும்னு, கடைக்காரனத் தாஜா பண்ணி நெச விலையப் போல அஞ்சு பங்கு பில்லுல போட வச்சிருக்கான். அந்தப் பில்லுக்கே வரி விழுந்துச்சு. பெரியவரு கடிகாரத்த ஒரு கையிலயும் வரிச் சீட்ட ஒரு கையிலயும் வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் பாத்தாரு. நான் வேற சிரிச்சுக்கிட்டே, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா கொறச்சுப் போடச் சொல்லியிருப்பேனே"ன்னேன். எவ்வளவு கொழுப்பு பாருங்க எனக்கு. அவரு கடிகாரத்தக் கட்டிக்கவே இல்ல, பையில போட்டுக்கிட்டாரு.

"மணி பாக்க எனக்கு சூரியன் போதும்மா. இது என் மவன் மாமனாரு பாக்குறதுக்கு."

கடுதாசி

கடைசியில கஸ்டம்ஸ்லேர்ந்து கடுதாசி வந்துச்சு, கம்ப்யூட்டர்ல. சூசைராஜ் அண்ணன் பேர் போட்டு, எங்க ஆபீசுக்கு ஒரு காப்பி. பில்லுல போட்ட மதிப்பு நம்புற மாதிரி இல்ல. கிஃப்ட்டுன்னு எழுதியிருக்கு, ஆனா உள்ள இருக்குறது மிஷின் பாகம். நெசமா எவ்வளவு கட்டி வாங்குனீங்கன்னு ஆதாரம் குடுங்க, அது வரைக்கும் பெட்டி இங்கதான் இருக்கும். இதுல அவங்களக் கொறை சொல்ல ஒண்ணுமே இல்லீங்க. பொய்யக் கண்டுபிடிச்சாங்க, கேட்டாங்க. சொல்லிக் குடுத்தவ நான்.

வேற நாளா இருந்தா ஊரையே திட்டியிருப்பேன். அன்னைக்குத் திட்ட ஆள் கிடைக்கல.

அண்ணன் வந்தப்ப நான் அந்தக் காரணத்தச் சொல்லல. "ஒரு பேப்பர் கேக்குறாங்கண்ணே, வழக்கமாக் கேக்குறதுதான். மச்சான் பேங்க்குல பணம் கட்டுன ரசீத அனுப்பச் சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னேன். மச்சான் அங்க கப்பல் பட்டறையில ஷிப்டு வேலை. ரசீது அனுப்ப நாலு நாளாச்சு. அனுப்புன ரசீது மச்சான் பேர்ல இருக்கு, பெட்டி அண்ணன் பேர்ல இருக்கு. ரெண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்னு அடுத்த கேள்வி. அதுக்கு ஒரு கடுதாசி. அதுல கையெழுத்து சரியில்லைன்னு இன்னொன்னு. நான் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டா ஒரு பாட்டு ஓடுது. பாட்டு முடிஞ்சா ஒரு பொண்ணு, வேற ஒரு நம்பரக் குடுக்குது. அந்த நம்பர்ல வேற பாட்டு. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது போட்டிருப்பேன். குத்தம் உள்ள நெஞ்சுங்க, வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

அண்ணன் அப்பவும் பழமோ மொச்சக்காயோ அதிரசமோ கொண்டாந்து வச்சுட்டு, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. நான் போனை வச்சதும் தலைய ஆட்டிச் சொல்லுவாரு:

"எனக்காக எம்புட்டு அலையிறீங்க. நீங்க சொல்லுங்கம்மா, நான் செய்றேன்."

ரெண்டு நாள் மழை

தை கடைசியில மழை பெய்ஞ்சா அது எங்க ஊருக்குத் தண்ணி இல்லீங்க, விஷம். அந்த வருஷம் ரெண்டு நாள் விடாம ஊத்துச்சு. பழுத்து நின்ன நெல்லு அப்படியே பாய் விரிச்சாப்புல படுத்துருச்சு. வயல்ல தண்ணி நிக்குது. மூணாம் நாளு கதிர்லயே வெள்ளையா முளை எட்டிப் பாக்குது. ஆள வச்சு அறுக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. அறுப்புக்கு ஆள் கிடைச்சு எத்தனையோ வருஷமாச்சு. கிடைச்ச நாலு பேரும் ஒரு நாளைக்கு எத்தன குழி அறுப்பாங்க? முப்பது குடும்பமும் மாத்தி மாத்திப் புரோக்கருக்குப் போன் போட்டிருக்காங்க. வண்டியெல்லாம் திருவாரூர்ப் பக்கம் மாட்டிக்கிச்சு. எட்டாம் நாளு ஒரு வண்டி வந்து, சாய்ஞ்ச பயிருன்னு ரெட்டிப்பு வாடகை கேட்டு, பாதி நெல்ல வயல்லயே விட்டு அறுத்துட்டுப் போச்சு. அறுத்ததையும் கொள்முதல் நிலையத்துல ஈரம்னு சொல்லித் திருப்பிட்டாங்க. ரோட்டு ஓரமாக் கொட்டிக் காய வச்சிருந்தாங்க. பஸ்ல போறப்பப் பாத்தேன், நெல்லு கறுத்துப்போயி இருந்துச்சு. அந்தப் பக்கம் இருந்த சீட்டுல உக்கார முடியல, எந்திரிச்சு எதிர்ப் பக்கம் போயி உக்காந்துக்கிட்டேன்.

அண்ணன் அந்த எட்டு நாளும் கவுண்டருக்கு வந்தாரு. மழையில கோணிச் சாக்கத் தலையில போட்டுக்கிட்டுகூட வந்தாரு. வந்துச்சாம்மான்னு கேப்பாரு. இல்லைண்ணேன்னு சொல்லுவேன். சரிம்மா, நாளைக்கு வர்றேன்னு போயிருவாரு. பேசாமப் போறாரே, நாலு கெட்ட வார்த்தையாவது சொல்ல மாட்டாரான்னு இருந்துச்சு எனக்கு.

அந்த வாரம் மணிவண்ணன் அவரு ஊருக்கு ஒரு புடவைப் பார்சல் கொண்டு போனாரு. திரும்பி வந்து மொபெட்ட நிறுத்திட்டு ரொம்ப நேரம் வெளியவே நின்னாரு. என்னண்ணே ஆச்சுன்னு கேட்டேன்.

"அவரு வீட்டுக்கு எதிர் வீடும்மா. தண்ணி கேட்டேன், குடுத்தாங்க. சூசை வீட்டுக்குச் சாமான் வந்துருச்சான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். வந்தா அதையே அவிச்சு அவரத் தின்னச் சொல்லுன்னாங்க."

பெட்டி வந்துச்சு

மாசி பாதியில பெட்டி வந்துச்சு. அட்டை ஒரு பக்கம் நசுங்கி, மேல அஞ்சாறு சீல் குத்தி, பாக்கவே பாவமா இருந்துச்சு. அதுக்குள்ள எங்க பக்கத்துல அறுக்குறதுக்கு ஒரு கதிர்கூட இல்ல. சில வயல்ல உளுந்து பயறுகூட முளைச்சுருச்சு.

மணிவண்ணன் கொண்டு போறேன்னாரு. வேண்டாம், நான் போன் பண்ணி வரச் சொல்றேன்னேன். அந்த மனுஷன்கிட்ட உண்மையச் சொல்லிரணும்னு மூணு வாரமா நெஞ்ச அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு நம்பறாரே, பழம் கொண்டாந்து தர்றாரே, எனக்காக அலையிறீங்கன்னு சொல்றாரேன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு. சொன்னா என்ன பண்ணுவாரு? கத்துவாரு. கத்தட்டும். ஊரு முழுக்க அவருக்கு முதுகக் காட்டிட்டுப் போகுது, அவரு கத்துறதுக்காவது ஒரு ஆள் வேணும்ல?

மத்தியானம் வந்தாரு. அன்னைக்குக் கையில ஒண்ணும் இல்ல. வரியக் கட்டுனாரு, கையெழுத்துப் போட்டாரு. பெட்டியக் கையில வாங்கிப் பாத்தாரு. கவுண்டர்ல வேற யாரும் இல்ல.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னேன். "மதிப்பக் கொறச்சுப் போடச் சொன்னது நான்தான். அதனாலதான் அங்க பிடிச்சு வச்சுட்டாங்க. கடுதாசியில அப்படித்தான் போட்டிருந்துச்சு. நான் ஒங்ககிட்ட மறைச்சுட்டேன். என்னால வந்த வினை இது. மன்னிச்சுருங்கண்ணே."

அவரு ஆச்சரியப்படல. பெட்டியில ஒட்டியிருந்த டேப்பு ஒரு மூலையில பிரிஞ்சிருந்துச்சு, அதப் பெருவிரலால அழுத்தி ஒட்டினாரு.

"தெரியும்மா. அந்தக் கடுதாசி எனக்கும்தான் வந்துச்சு. பெரிய பொண்ணு வரி விடாமப் படிச்சுக் காட்டுச்சு."

மூணு வாரம். பழம், மொச்சக்காய், அதிரசம். எம்புட்டு அலையிறீங்கன்னு அந்தப் பேச்சு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா?

"அப்புறம் ஏண்ணே என்ன ஒரு வார்த்த கேக்கல? தெனமும் வந்து சிரிச்ச மொகமாப் பேசிட்டுப் போனீங்களே!"

அவரு பெட்டிய அக்குள்ல இடுக்கிக்கிட்டாரு. அவ்வளவு நாளும் இருந்த சிரிப்பு மொகத்துல இல்ல. இதுதான் அவரோட நெச மொகம்னு அப்பத்தான் பாத்தேன். குரல் மட்டும் அதே பழைய குரல், மரியாதையான குரல்.

"ஒங்ககிட்ட சண்ட போட்டா என் பெட்டிக்காக அப்புறம் யாரும்மா போன் பண்ணுவா? அதான் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். பெட்டி வந்துருச்சு, இனிமே நான் ஒங்களப் பாத்துச் சிரிக்க வேண்டியதில்ல."

பதினோரு வருஷத்துல இந்தக் கவுண்டருக்கு வந்து என்கிட்ட பாசமாப் பேசினவங்க ஒவ்வொருத்தரையா நெனச்சுப் பாக்குறேன், அத்தன பேருக்கும் அப்ப ஒரு பெட்டி வர வேண்டியிருந்துச்சு.